மருந்து போடாத தட்டு

அக்கா போய் ஆறு வாரம் ஆகிறது. இரங்கல் கூட்டத்துக்கு வந்த ஆய்வுக்கூடத்துக்காரர்கள் அவளை "ரொம்ப அமைதியானவங்க" என்றார்கள். அந்தப் பேச்சு அப்படியே நிலைத்துவிடக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் அக்கா புற்றுநோய் செல்களுக்குத் தீனி போட்டாள். வீட்டில் அப்படித்தான் கேலி செய்வோம். தட்டில் வளரும் செல்களுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். பேராசிரியர் மருந்தை விட்ட பிறகு அக்கா நானோ துகள்களைச் சேர்ப்பாள். துகள் தானாக ஒளிராது. செல் சாகத் தொடங்கினால் உள்ளே காஸ்பேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு துகளில் உள்ள பிணைப்பை அறுக்கும். நுண்ணோக்கியில் பச்சை ஒளி தெரியும். எவ்வளவு பச்சையோ அவ்வளவு சாவு, அதாவது மருந்து வேலை செய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டாள். திரும்பிப் போனால் ஆய்வுக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்ததாம். தட்டு முழுக்கப் பச்சை. பேராசிரியர் கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டார்.

"மருந்து போடாத தட்டு எங்க சார்?"

"அதுவும் ஒளிர்ந்துச்சு. ஏதோ கிருமி பட்டிருக்கும், தூக்கிப் போட்டாச்சு. நீங்க பதிவேட்டுல கையெழுத்துப் போடுங்க."

திரவம் மாற்றும் அட்டவணையில் நாலு நாளும் காலியாக இருந்தது.

"பட்டினி போட்டா நானுந்தான் சார் செத்துப்போவேன். அதுக்கும் உங்க மருந்துக்கா பேரு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பேராசிரியர் முகம் கறுத்தது.

"நீங்க டெக்னீஷியன். செல்லைப் பாத்துக்கிட்டாப் போதும்."

"அதத்தான் சார் பாக்கறேன்."

அவள் வேலை வருடா வருடம் அவர் கையெழுத்தில்தான் நீளும். அதுவும் அந்த மாதம்தான் நீட்ட வேண்டியிருந்தது. பயந்தவள் நான்.

"ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுத் தொலையேன்."

"நாளைக்கு இதை நம்பி ஒருத்தி கையை நீட்டி ஊசி போட்டுக்குவாடி. அவகிட்ட நீ போய்ச் சொல்றியா?"



மறுவாரம் அக்கா புதுத் தட்டுகள் வைத்தாள். ஒன்றில் மருந்து, ஒன்றில் இல்லை. இரண்டுக்கும் நாள் தவறாமல் தீனி. இரண்டும் இருட்டாகவே இருந்தன. படத்தைப் பதிவேட்டில் ஒட்டி, கீழே பேனாவால் எழுதினாள்: 'முந்தைய செல்கள் பட்டினியால் செத்தவை. மருந்தால் அல்ல.' பக்க எண் அச்சிட்ட பதிவேடு, கிழித்தால் தெரியும்.

மாதக் கடைசியில் பேராசிரியர் கூப்பிட்டார். மேசையில் நீட்டிப்புத் தாள் கிடந்தது.

"பிடிவாதம் வேண்டாம்மா. 'சந்தேகம் உள்ளது'ன்னு மட்டும் மாத்தி எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

"சந்தேகம் இருந்திருந்தா அப்பவே அப்படி எழுதியிருப்பேன் சார்."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருட வேலை அன்றோடு முடிந்தது. அந்தக் கட்டுரை அச்சேறவில்லை. அந்த மருந்தை யார் கையிலும் ஏற்றவில்லை.