செல்வி அக்காவின் பொட்டு

இன்று காலை ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில் செல்வி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்து லய வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு, தேயிலைக் கொழுந்தெடுப்பவர். நெற்றி நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னக்கா நெத்தியில?"

"பொட்டு ஒட்டுன பசை தம்பி."

நேற்று தோட்டத்தில் ஷூட்டிங். இனக்கலவரம், யுத்தம் பற்றிய படம். கும்பல் தீப்பந்தத்தோடு துரத்த, சனங்கள் அலறி ஓட வேண்டும். ஓடுவதற்கு எங்கள் ஆட்களையே பிடித்திருக்கிறார்கள். தமிழ்ப் பெண் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம், அதனால் அக்காவுக்குப் பெரிய பொட்டு.

"பந்தத்தோட ஓடியாந்தாங்க. கை தானா போயி பொட்ட அழிச்சிருச்சி. திரும்ப வச்சாங்க, திரும்பவும் அழிச்சிட்டேன். டைரக்டரு கத்துறாரு."

"ஏன்க்கா அழிச்சீங்க?"

"கலவரத்தன்னைக்கு எங்கம்மா என் பொட்டத்தான் மொதல்ல அழிச்சாங்க. அவங்க பொட்ட அழிக்க நேரம் கெடைக்கல."



"இத டைரக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அந்த அழுகைய அப்படியே கேமராவுக்குக் குடுங்கம்மா'ன்னாரு. அப்புறம் பசை போட்டு ஒட்டிட்டாங்க."

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். "போகாதீங்கக்கா" என்றேன். "போகாம என்ன செய்ய?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படம் வந்ததும் நாம் எல்லோரும் பார்த்து அழத்தான் போகிறோம். அதற்கு முன், கலவரத்தன்றைக்குப் பெரிய பொட்டோடு ஓடித் தப்பியவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.