வெறுங்காலுக்குப் படிக்காத பாடம்

மட்டாஞ்சேரியில் அபூபக்கர் ராவுத்தர் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கால்காரர் என்று கேட்க வேண்டும். மிளகு மண்டிகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே உட்கார்ந்து காலில்லாதவர்களுக்குக் கால் செய்வார். பட்டாளத்தில் சேர்ந்து, பூனாவில் சிப்பாய்களுக்கு மரக்கால் செய்யும் பட்டறையில் தொழில் படித்து, ஐம்பதாம் வருஷம் ஊர் திரும்பியவர். கைத்தொழில் அத்தனை சுத்தம், யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்லாததுதான் வினையாக வந்தது.

ஐம்பத்து நாலில் அவர் மகள் ஜலீலாவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சரக்கு லாரி பின்னால் வந்து இடதுகாலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஊருக்கே கால் செய்கிற வீட்டிலா இது நடக்க வேண்டும் என்று அவர் பெண்சாதி மெஹருன்னிசா மாரிலடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை, அளவெடுத்தார். பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு கால். வாரைக் கட்டி, குதி வைத்த செருப்பை மாட்டி, நடக்கவிட்டு, நல்லாயிருக்கா என்பார். நல்லாயிருக்கு அத்தா என்பாள். வருகிற எல்லோரிடமும் அதே கேள்வி, அதே பதில். வீட்டுக்குள் வந்ததும் ஜலீலா காலைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஊன்றுகட்டையில்தான் நடமாடுவாள். அது ஏன் என்று அந்த மகா கெட்டிக்காரர் ஒருநாளும் கேட்கவில்லை.

அறுபத்து நாலில் சுள்ளிக்கல்லிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஜாபர் சாதிக், சொந்தத் தையல்கடை, தங்கமான பையன் என்றார்கள். கால் விஷயம் அவர்களுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்றார் அபூபக்கர். மெஹருன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணச் சொல்லியிருக்கிறது, நாம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, வாயைத்தானே மூடிக்கொண்டிருக்கிறோம் என்று வக்கீல் மாதிரி வாதாடினாள். மகள் குமராகவே நின்றுவிடுவாளோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டார். மனசு மட்டும் ஆடாமல் கிடந்து உறுத்தியது.

அந்தப் பெண்பார்க்கும் நாளுக்கென்றே புதுக்கால் செய்தார். கொட்டகைப் பலகையில் அவளை நடக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காலடியைக் கேட்டார். இரண்டு காலுக்கும் ஒரே சத்தம், மரப்பாதத்தைச் சேலைக்கரை மூடியிருந்தது. இனி எவன் கண்டுபிடிப்பான் என்று நிம்மதியானார்.

மாப்பிள்ளையின் தாயார் சகீலாவும் சொந்தக்காரப் பெண்கள் நாலு பேரும் வந்தார்கள். கூடத்தில் புதுப்பாய் விரித்திருந்தது. அபூபக்கர் அடுத்த அறையின் திரைக்குப் பின்னால் நின்றார். ஜலீலா சாயாத் தட்டோடு வந்தாள், பாயின் ஓரத்தில் நின்றாள். சாப்பிடுகிற பாயில் செருப்புக்காலோடு எந்தப் பெண் ஏறுவாள்? செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பூனாவில் அவர் படித்ததெல்லாம் பூட்ஸ் போடுகிறவர்களின் கால். குதியின் உயரத்தையும் சேர்த்துத்தான் பாதத்தை வைப்பார்கள். செருப்பைக் கழற்றினால் குதி கீழே இறங்கும், உடம்பு பின்னுக்குச் சாயும். பள்ளிவாசலானாலும் கோயிலானாலும் அடுக்களையானாலும் செருப்பை வாசலில் விடுகிற ஊருக்குப் பதினாலு வருஷமாகப் பட்டாளத்துக் கால் செய்து கொடுத்திருக்கிறார்!

இரண்டாவது எட்டில் ஜலீலா பின்னால் சாய்ந்தாள். சாயா பாயில் கொட்டியது. சுவரைப் பிடித்து நின்றுகொண்டு, அழாமல் சொன்னாள்: "மாமி, எனக்கு ஒரு கால் மரம். அத்தா செஞ்சது. செருப்பு போட்டா நல்லா நடப்பேன்."

சகீலா நல்ல மனுஷிதான். ஏசவில்லை, தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு ஒரு சேதியும் வரவில்லை.

மெஹருன்னிசா மூன்று நாள் புருஷனோடு பேசவில்லை. நாலாம் நாள் அபூபக்கர், துறைமுகத்தில் மூட்டை விழுந்து கால்போன ஒச்சப்பன் வீட்டுக்குப் போனார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கால் கொடுத்திருந்தார். வீட்டுக்குள்ளே எப்படி நடக்கிறாய் என்று கேட்டார். அவன் நெளிந்தான்.

"செவுத்தைப் புடிச்சுக்கிடுவேன் ராவுத்தரே. கால் குடுத்த மனுசன்கிட்டப் போயி யாராச்சும் குறை சொல்லுவாங்களா?"

அபூபக்கர் திரும்பி வருகிற வழியெல்லாம் வாய்விட்டு அழுதார். மகள் கால் போன அன்று அழாததையும் சேர்த்து அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கொடுத்த கால்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வெறுங்காலுக்குப் பாதம் மாற்றுவதென்று முடிவு செய்தார். வீட்டில் சொன்னபோது ஜலீலா, "எனக்குக் கடைசியாச் செஞ்சாப் போதும் அத்தா. நான் வீட்டுலதானே இருக்கப் போறேன்" என்றாள்.

அவர் கேட்கவில்லை. முதல் பாதம் அவளுக்குத்தான் செதுக்கினார். சாயாக்கறை போகாத அதே பாயை விரித்து, வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். நிமிர்ந்து நடந்தாள். மெஹருன்னிசா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். நல்லாயிருக்கா என்று வாய்வரை வந்ததை அபூபக்கர் விழுங்கிக்கொண்டார்.

"எங்கம்மா வலிக்குது?"

ஜலீலா பாயில் உட்கார்ந்து வாரை அவிழ்த்தாள். பிறகு முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து, "இங்க அத்தா. எல்லாக் காலுலயும் இந்த இடந்தான்" என்றாள்.

பத்து வருஷத்தில் மகள் சொன்ன முதல் குறை அது. அபூபக்கர் பாயில் மண்டியிட்டு அரத்தை எடுத்தார்.