பெரிய வெள்ளியில் ஓடிய இஞ்சின்

என் நைனா ஓட்டிய லாரிக்கு அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுவதும் உடம்பு சரியில்லை. ஓடும்போது ஒன்றும் தெரியாது. எங்காவது நிறுத்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் ஆரம்பிக்கும். நொண்டிக் குதிரை மாதிரி ஒரு தட்டு, ஒரு தயக்கம், மறுபடி இரண்டு தட்டு. தட்டுக்குத் தட்டு பின்னால் கரும்புகை. பக்கத்தில் நின்றால் கண் எரியும். நின்றபடி ஓடுகிற இஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகவும் காற்றுக் குறைவாகவும் போகிறது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி அது. தெற்கிலிருந்து வந்து ராயபுரத்தில் கிடங்கு போட்டிருந்த முதலாளி ஒருவர் அதை ஏலத்தில் எடுத்திருந்தார். நைனா அவரிடம் மூட்டை தூக்கப் போய், பிறகு கிளீனராகி, பிறகு டிரைவரானவர். ஹார்பருக்குள் வண்டியைக் கொண்டுபோக அவருக்கு ஒரு பாஸ் உண்டு. அதைச் சட்டைப்பையில் வைக்கமாட்டார். அம்மா தைத்துக் கொடுத்த சின்னத் துணிப்பையில் போட்டு, மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். குளிக்கும்போது மட்டும் இரண்டையும் கழற்றி ஒரே ஆணியில் தொங்கவிடுவார்.

பெரிய வியாழன் காலையில் ஹார்பர் கேட்டில் சார்ஜென்ட் வண்டியை நிறுத்திவிட்டார். உள்ளே ஷெட்டுகளில் பஞ்சுப் பொதி அடுக்கியிருந்த சமயம். சைலன்சரிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும். "சனிக்கிழமை காலையில் இதே புகையோடு வந்தால் வண்டி திரும்பிப் போகும், பாஸ் இங்கேயே நிற்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாஸ் போனால் நைனாவுக்கு லாரி இல்லை. திரும்பவும் முதுகில் மூட்டைதான். அந்த முதுகு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

முதலாளியின் மிஸ்திரி ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தார். அதனால் வியாழன் சாயங்காலம் நைனா லாரியை எங்கள் தெருமுனையில் கொண்டுவந்து நிறுத்தினார். அதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, கார்புரேட்டர் மேஜையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன்.

"நைனா, நாளைக்கு எனக்கு லீவு. கார்புரேட்டர நான் பாக்கட்டா?"

"நாளிக்கு இன்னா நாளு தெரியுமா?"

"பெரிய வெள்ளி."

"தெரிஞ்சிகினே கேக்குறியா? இரும்ப தொடாதே. சனிக்கிழம விடியக்காலைல பாத்துக்கலாம்."

"இஞ்சின் சூடாவணும் நைனா. சூடானாத்தான் ஐடிலிங் வெக்க முடியும். விடியக்காலைல எங்க நேரம்?"

"ஆண்டவரு பாத்துப்பாரு" என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் பெரிய வெள்ளி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். ஆண்டவரை ஆணியால் அறைந்த நாள் என்பதால் அன்றைக்கு யாரும் சுத்தியலைத் தொடமாட்டார்கள். படகு வேலை செய்கிறவர்கள் முந்தின நாளே உளி, வாள் எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி வைத்துவிடுவார்கள். அம்மா அரிவாள்மணையை எடுக்கமாட்டாள். காலையில் தலை வாரக்கூட மாட்டாள். அன்று ஒரே ஒரு வேளை கஞ்சி, அதற்குத் துவையலும் வியாழனே அரைத்தது. கோவில் மணியும் வியாழனோடு ஊமையாகிவிடும். ஜெபத்துக்குக் கூப்பிட ஓர் ஆள் மரப்பலகையில் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே தெருத்தெருவாக நடப்பார். நடுப்பகலிலிருந்து மூன்று மணி வரை கோவிலில் மூன்று மணி நேரத் தியானம் நடக்கும். ஆண்டவர் சிலுவையில் சொன்ன ஏழு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாமியார் பிரசங்கம் வைப்பார். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நாய் குரைத்தால்கூடக் கல்லெடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நைனாவும் அம்மாவும் கோவிலுக்குப் புறப்பட்டார்கள்.

"நீ வர்ல?" என்றாள் அம்மா.

"பின்னாலேயே வர்றேன்" என்றேன். அந்த நாளின் முதல் பொய் அதுதான்.

தெரு காலியானதும் ஸ்பானரையும் ஸ்க்ரூ டிரைவரையும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு லாரியிடம் போனேன். சத்தமில்லாத வேலைகளை முதலில் முடித்தேன். சோக் தகடு பாதியில் சிக்கிக்கொண்டு காற்றை அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, நன்றாகத் திறந்திருந்தது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்திருந்த மண்டியைத் துடைத்தேன். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சளசளக்கும். ஒன்றுமில்லை. பிளக்குகளைக் கழற்றினால் நாலும் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தன. துடைத்து மாட்டினேன். ஒவ்வொரு நட்டை முறுக்கும்போதும் இரும்பு இரும்போடு உரசிய சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது. சுத்தியலை எடுக்கவில்லையே, திருகத்தானே செய்கிறேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்குச் சமாதானம் கிடைப்பதற்கு என்ன பஞ்சம்?

மிச்சமிருந்தது, வண்டி நிற்கும்போது இஞ்சின் ஓடும் ஓட்டத்தைச் சரிசெய்கிற ஐடிலிங் ஸ்க்ரூ ஒன்றுதான். ஆனால் அதை இஞ்சின் ஓட ஓட, காதால் கேட்டுத்தான் வைக்கமுடியும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எப்போதும் பத்துப் பேர் தட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே இஞ்சினின் காலடியை எடுத்துக் கேட்பது பெரும்பாடு. இங்கே ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். இதைவிடக் கெட்ட நேரமும் கிடைக்காது என்பதும் தெரிந்தது. ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன்.

கோவில் இரண்டு தெரு தள்ளி. வெயிலுக்காகக் கதவெல்லாம் திறந்திருக்கும். இஞ்சின் சூடேறும்வரை பானெட்டில் கையை வைத்தபடி நின்றேன். கையால் சத்தத்தை அமுக்கிவிடலாம் என்பது போல. பிறகு ஸ்க்ரூவை உள்ளே கால் சுற்றுத் திருப்பினேன். எங்கள் பஸ் கார்புரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்தும். உள்ளே போனால் பெட்ரோல் குறையும். இதில் நொண்டல் கூடியது. போதவில்லை என்று நினைத்து இன்னும் அரைச் சுற்று உள்ளே விட்டேன். புகை சுவரை மறைத்தது. இஞ்சின் இரண்டு தடவை விக்கியது. மூன்றாவது விக்கலுக்குச் சைலன்சர் வழியாக ஒரு வெடி வெடித்தது. கடற்கரை வரை கேட்டிருக்கும்.

எதிர்வீட்டு அத்தைக்குக் கால் வீக்கம், கோவிலுக்குப் போகமுடியாமல் வாசற்படியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். மீன் கூறு கட்டி விற்ற தொண்டை அவளுக்கு.

"அடப்பாவி! இன்னாடா பண்றே? ஆண்டவரு சிலுவைல தொங்கிகினு கீறாரு, நீ இங்க பட்டாசு வுட்டுகினு கீறே!"

"அத்தே, சத்தம் போடாதீங்க."

"நானா போட்றேன்? உன் லாரி போடுது! இன்னிக்குப் போயி இரும்புல கை வெக்கலாமாடா?"

"ஆணி அடிக்கல அத்தே. ஸ்க்ரூவத்தான் திருப்புறேன்."

"அடிச்சா இன்னா, திருப்புனா இன்னா? நல்லா படிச்சே போ. எம்புள்ள படிச்சவன், எம்புள்ள படிச்சவன்னு உன் ஆத்தா கொழாயாண்ட தம்பட்டம் அடிச்சிகினு கீது."

கேட்டில் நடந்ததையும் பாஸ் போகப்போவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"நாளிக்கு காலைலயே பிடுங்கிப்பானா?"

"ஆமா."

"அப்ப சீக்கிரம் முடிச்சித் தொலை. இந்த நாத்தத்துல எந்த மணில கீறேன்னே மறந்துபோச்சு. முதல்லேர்ந்து சொல்லணும்."

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கார்புரேட்டரில் அந்த ஸ்க்ரூ விடுவது பெட்ரோலை அல்ல, காற்றை. நான் உள்ளே திருகத் திருகக் காற்றைத்தான் அடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் எங்கே இருந்ததோ அங்கே கொண்டுவந்து, அங்கிருந்து வெளியே கால் கால் சுற்றாக விட்டேன். நொண்டல் குறைந்தது. புகை வெளுத்தது. இஞ்சின் தானாகவே கொஞ்சம் வேகமெடுத்தது. வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஸ்க்ரூவில் கை வைத்தேன். இன்னும் ஒரு நூல் வெளியே. கொஞ்சம் அதிகம், உள்ளே. சட்டென்று அந்த இடம் கிடைத்தது. எல்லாத் தட்டும் ஒரே சீராக விழுந்து, வால்வின் டிக்டிக்கும் அதற்கு அப்பால் கடல் இரைச்சலும் தனித்தனியாகக் கேட்டன. புகை இல்லை. அத்தைகூட மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அதை அப்படியே எழுதிவிடுகிறேன். அன்றைய நாளை நினைத்தால் கையை இரும்பில் வைத்ததைவிட இந்தச் சந்தோஷம்தான் எனக்கு உறுத்துகிறது. இஞ்சினை உடனே நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன்.

கைகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கோவிலுக்கு ஓடியபோது, சிலுவையை முத்தி செய்ய வரிசை நின்றிருந்தது. கடைசியில் போய் நின்றேன். பெட்ரோல் வாசனைக்கு எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, யார் என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டார். நைனா முன்னாலேயே முத்தி செய்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கடந்து போனார். என் முறை வந்தது. சிலுவையில் இருந்த ஆண்டவர் சுரூபத்தின் பாதத்தில் இருந்த ஆணிக்குக் கொஞ்சம் தள்ளி முத்தமிட்டேன்.

வீட்டில் கஞ்சி குடிக்கும்போது அம்மா, "வெடிச்சது நம்ம வண்டியா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். நைனா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது. அவர் தட்டை வழித்துக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"முதல்ல உள்ள திருவிட்டே."

"ஆமா நைனா."

"அப்பால வெளிய."

"ஆமா."

"மூணாவது வாக்கியம் வரிக்கும் கேட்டேண்டா. அதுக்கு மேல சாமியாரு பேசுனது ஒண்ணும் காதுல ஏறல. மண்டிபோட்டுகினு கீறேன், கண்ண மூடிகினு கீறேன், காது மட்டும் இங்க நிக்குது. 'இன்னும் கொஞ்சம் வெளிய வுடுடா, இன்னும் கொஞ்சம்'னு வேண்டிகினேன். அவரு உயிர் போற நேரத்துல அவராண்ட போயி கேக்குற வரமாடா அது?"

அவர் குரலில் கோபம் இல்லை. என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. தான் செய்த தப்பைச் சொல்வதுபோலச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். மற்ற நாட்களில் பூசைக்குப் போனாலும் பாதியில் தூங்கிவிடுவார். வருஷத்தில் அவர் முழுதாக விழித்திருந்து கேட்பது அந்த மூன்று மணி நேரம்தான்.

சனிக்கிழமை காலையில் நானும் அவரோடு கேட்டுக்குப் போனேன். சார்ஜென்ட் இஞ்சினை நிறுத்தவேண்டாம் என்று கைகாட்டிவிட்டு, பின்னால் போய்க் குனிந்து, தன் கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் கொஞ்ச நேரம் பிடித்தார். எடுத்துப் பார்த்தார். லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். போகச் சொல்லிவிட்டார். நைனா சலாம் வைத்து வண்டியை உள்ளே விட்டார். என்னைப் பார்த்து ஒரு தடவை சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் முழுசாகச் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அவர் பின்னாலேயே நானும் நின்றேன். அவர் உள்ளே அதிக நேரம் இருந்தார். என் முறை வந்ததும் சொன்னேன்: நைனா பேச்சை மீறினேன், பொய் சொன்னேன், பெரிய வெள்ளியில் இரும்பைத் தொட்டேன், என்னால் நைனாவுக்கு நாலு வாக்கியம் கேட்காமல் போய்விட்டது.

"அந்த வெடி நீதானா?" என்றார் சாமியார்.

"ஆமா சாமி."

திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. சிரித்தாரோ என்னவோ. "இனி இப்படிச் செய்யமாட்டாயல்லவா?"

கேட்டில் மறுபடி நிறுத்தினால் மறுபடியும் தொடுவேன் என்று எனக்குத் தெரியும். அங்கே போய்ப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியவில்லை சாமி" என்றேன்.

அவர் அதற்குமேல் அதைக் கேட்கவில்லை. "உனக்குப் படிக்கத் தெரியும்தானே? அப்பாவுக்குக் கேட்காமல் போன நாலையும் இன்றைக்கே உட்கார்ந்து அவருக்குப் படித்துக் காட்டு. அதுதான் உன் அபராதம்."

சாயங்காலம் அம்மாவின் ஜெபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நைனா எதிரில் உட்கார்ந்தேன். அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சம்மணம் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நாலாவதிலிருந்து ஆரம்பித்தேன். தாகத்தைப் பற்றிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தபா படிக்கச் சொன்னார். படித்தேன். வெளியே சனிக்கிழமைத் தெரு முழுச் சத்தத்தோடு இருந்தது. பையன்கள் பந்து அடித்தார்கள், யாரோ படகுக்கு ஆணி அறைந்தார்கள், அத்தை யாரிடமோ வவ்வால் மீனுக்குச் சண்டை போட்டாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் புருவம் சுருங்கியது. இன்னும் குனிந்து கேட்டார்.

ஏழாவதை முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் நைனா."

"சாமியாரு இதுக்கெல்லாம் கத சொல்லி விளக்குவாரு. ஜனமெல்லாம் அழும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல. நீ நல்லாத்தான் படிச்சே" என்றார்.