மூக்கு நுனியில இருந்த காவி

ஒனக்கெதுக்கு இதெல்லாம்? கெழவி மூஞ்சில கொப்புளம் வந்த கதைய கேக்க வந்து ஒக்காந்திருக்கியே, வேற வேலையில்லையா? சரி, வந்தது வந்துட்ட, கேளு.

சோத்தாங்கை பக்கத்து நெத்தியில நெருப்பு வச்சாப்பல எரிச்சல். மறுநாளு புருவம் வரைக்கும் கொத்தா கொப்புளம். தோட்டத்து லயத்துல எதிர்வீட்டு காம்பராக்காரி பாத்துட்டு அக்கின்னா. அக்கிக்கு அதான் வைத்தியம்னு செங்காவிய கொழைச்சு நெத்தியில சிங்கம் எழுதினா. சிங்கமா அது? தோட்டத்து நாய் மாதிரி இருந்துச்சு. வாலுக்கு எடம் பத்தாம மூக்கு நுனி வரைக்கும் இழுத்துட்டா.

பொறகு கண்ணு செவந்து தண்ணியா ஊத்துச்சு. அப்பதான் பயந்தேன். மருமக கலஹாவுல பஸ் ஏத்தி, கூடவே வந்தா. பேராதனை ஆஸ்பத்திரி வரைக்கும் ஒத்தக் கண்ணாலயே ரோட்டப் பாத்துக்கிட்டு போனேன், இனிமே இப்பிடித்தானோன்னு.

ஆஸ்பத்திரில ஒரு சின்ன வயசு டொக்டரம்மா. மூக்கு நுனிக் காவிய தொடச்சதும் அவ மொகம் மாறிருச்சு. அடியில ரெண்டு கொப்புளம். அங்க போற நரம்புதான் கண்ணுக்குள்ளயும் போகுதாம்.

இந்த அக்கி எங்கருந்து வந்துச்சு புள்ளன்னு கேட்டேன். எங்கருந்தும் வரலையாம். சின்னதுல எனக்கு அம்மாள் போட்டுச்சே, சின்னம்மை, அந்த வைரஸ் போகவே இல்லையாம், நரம்பு வேருல தூங்கிக்கிட்டே இருந்துருக்கு. அது என்ன செய்யணுங்கிற கட்டளையெல்லாம் நூலு மாதிரியாம். நரம்புக்குள்ள இருக்கிற புரதம் அத சுத்தி இறுக்கி, யாரும் படிக்க முடியாம வச்சிருக்குமாம். வயசாகி ஒடம்பு தளந்தா கட்டு நெகிழ்ந்துருது.

புரதம்னா பருப்புதானே, தெனம் திங்கிறேனேன்னேன். அவ சிரிக்கல.

"அது வேற அம்மா. இது நரம்பு தானா செய்றது. பேசாம மேல பாருங்க."

மஞ்ச மருந்து ஊத்தி, நீல வெளிச்சம் அடிச்சு, ரொம்ப நேரம் பாத்தா. மருமக என் கையப் புடிச்சிருந்தா. எனக்கு கேலி பகிடி ஒண்ணும் வரல.

"மேலோட்டமாத்தான் இருக்கு. உள்ள போகல. இன்னும் பிந்தியிருந்தா பார்வைக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டேன்."

வேளாவேளைக்கு முழுங்க குளிசை, கண்ணுக்கு மருந்து, பொறகும் கிளினிக். கொஞ்சம் மங்கல்தான், ஆனா கண்ணு தப்பிச்சிருச்சு.

லயத்துல எல்லாரும் விசாரிச்சாங்க. காவி எழுதினவ மட்டும் வாசல்ல நின்னு தரையப் பாத்துக்கிட்டு இருந்தா. காவி நல்லாத்தான் வேலை செஞ்சுச்சுன்னு சொன்னேன். ஆனா எழுதின அன்னைக்கே பஸ் ஏறிப் போயி, டொக்டர் கையால அழிச்சாத்தான் பலிக்குமாம்னு சேத்துச் சொல்லி வச்சேன்.