முடிந்த வேலைக்கு ஒரு சான்றிதழ்

எனக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரில் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தவன். இங்கே வந்து இருபத்தைந்து வருடமாக ஆங்கிலத்தில்தான் மரமும் ஆணியும் பேரம் பேசி வாங்குகிறேன். ஆனாலும் கடிதம், படிவம், ஒப்பந்தம் என்று எது வந்தாலும் மகளைக் கூப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தொடங்கியது. தெரிந்தவர் வீடுகளிலும் பிள்ளைகள்தான் கடிதம் வாசித்தார்கள். அதில் ஒரு பிழை இருக்கலாம் என்று நான் நினைத்ததே இல்லை.

என் தொழில் வீடுகளின் பின்புறத்தில் மரத்தால் டெக் என்ற உயர்ந்த மேடை போட்டு, படியும் றெயிலிங் என்ற கைப்பிடி வேலியும் வைப்பது. வேலையைத் தருபவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இந்த நாட்டில் என்னை நம்பி முதல் வேலை தந்தவர் அவர். அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை உண்டு. என் காப்புறுதியில் அவருடைய கொம்பனியின் பெயரையும் சேர்க்க வேண்டும். வேலை நடக்கும்போது மட்டுமல்ல, முடித்துக் கொடுத்த பிறகும் சில வருடங்களுக்கு அது இருக்க வேண்டும். நான் கட்டியது உடைந்து யாராவது விழுந்து, அவர்கள் அண்ணைமேல் வழக்குப் போட்டால், என் காப்புறுதி அவரையும் காக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு வருடமும் அதற்கான சான்றிதழை அவருடைய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும்.

முதல் வருடம் ஒழுங்காகச் செய்தேன். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது காப்புறுதி முகவர், முடிந்த வேலைக்கான பாதுகாப்புக்கு இனி மேலதிகமாகக் கட்ட வேண்டும் என்றார்.

"கட்டிக் குடுத்த வீட்டுக்கெல்லாம் நான் என்ன காவலே? அதை வெட்டிவிடும்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

இரண்டு கிழமையில் அண்ணையின் அலுவலகத்திலிருந்து புதிய சான்றிதழ் கேட்டு மின்னஞ்சல் வந்தது. மகள் குசினி மேசையில் மடிக்கணினியோடு இருந்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

"பிள்ளை, போன வருசத்துப் பேப்பரிலை வருசத்தை மட்டும் மாத்தி அனுப்பிவிடு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "அப்பா, அந்தக் காப்புறுதிக் கவர் இப்ப இல்லையே. திஸ் இஸ் நொட் ஓகே."

"வேலை முடிஞ்சுதுதானே. உதை ஆர் எடுத்துப் பாக்கப்போகினம்? எல்லாரும் செய்யிறதுதான்."

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். இரண்டு இடத்தில் வருட எண்ணை மாற்றி, தன் மின்னஞ்சலிலிருந்து அனுப்பினாள். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கடுத்த கோடையில் பிக்கரிங்கில் நான் அண்ணைக்காகப் போட்ட ஒரு வீட்டு டெக்கில், வீட்டுக்கார அன்ரி உடுப்புக் காயப்போட்டுவிட்டு றெயிலிங்கில் சாய்ந்திருக்கிறார். மூலைக் கம்பம் அடியோடு கழன்றது. கம்பத்தோடு அவரும் போய்ப் படியில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்தக் கம்பம் ஏன் கழன்றது என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டும்போது அந்த மூலையில் கீழே போல்ட் பிடிக்கச் சரியான மரம் அகப்படவில்லை. பனி கொட்டத் தொடங்கியிருந்த நாள். நீளத் திருகாணி நான்கைப் போட்டு இறுக்கிவிட்டு, இளவேனிலில் வந்து மரம் வைத்துப் பலப்படுத்தலாம் என்று போய்விட்டேன். பிறகு போகவில்லை.

வைத்தியசாலைக்குப் போனேன். அன்ரி என்னை அடையாளம் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"தம்பி, நீர் ஒண்டும் யோசியாதையும். நான்தான் பாரமாச் சாஞ்சிட்டன் போல" என்றார்.

கொண்டுபோன தோடம்பழங்களை வைத்துவிட்டு, கார் நிறுத்தின காசு முடியப்போகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அரை மணித்தியாலம் மிச்சம் இருந்தது.

அன்ரியின் குடும்பம் அண்ணைமேல் வழக்குப் போட்டது. அவர் என் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு காப்புறுதிக் கொம்பனியிடம் போனார். அந்த வருடத்தில் அப்படியொரு பாதுகாப்பே இல்லை, இந்தக் கடதாசியை நாங்கள் கொடுக்கவும் இல்லை என்று பதில் வந்தது.

வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அவருடைய அலுவலகத்துக்கு என்னை ஒரு காலையில் வரச் சொன்னார். வழக்கம்போல மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அப்போது பராலீகல் படிப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தாள். சிறு வழக்குகளில் மற்றவர்களுக்காக வாதாடும் உரிமம் கிடைக்கும் படிப்பு. அறையில் அண்ணையும் அவருடைய சட்டத்தரணியும் இருந்தார்கள். சட்டத்தரணி தமிழ் தெரியாத பெண். அவர் இரண்டு சான்றிதழ்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அண்ணை என்னைப் பார்க்காமல் கடதாசியைப் பார்த்துப் பேசினார். "பஞ்சாங்கத்தைக்கூட வருசத்துக்கு வருசம் புதுசா அச்சடிக்கிறாங்கள் தம்பி. நீர் பழசிலையே வருசத்தை மாத்திப்போட்டீர்."

சட்டத்தரணி ஆங்கிலத்தில் கேட்டார். மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா, இதை ஆர் தயார் செய்தது எண்டு கேக்கிறா" என்றாள்.

கேள்வி எனக்கு ஆங்கிலத்திலேயே விளங்கிவிட்டது. அவள் மொழிபெயர்க்கும் நேரத்தை நான் யோசிப்பதற்கு எடுத்துக்கொண்டேன். யோசித்து நான் சொன்னது இதுதான்: "நீதானே அனுப்பினனீ. சொல்லன்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டத்தரணி பேனாவைப் பிடித்தபடி மகளின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். மகள் அவருடைய முகத்தைப் பார்த்து, ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல், அதை அனுப்பியவள் நான்தான் என்று என் தகப்பன் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். சட்டத்தரணி எழுதிக்கொண்டார்.

நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

காரை அவள்தான் ஓட்டினாள். ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது கேட்டாள். "லைசன்ஸ் ஃபோர்மிலை என்ன கேப்பாங்கள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியாது."

"போர்ஜரி, பொய்ப் பத்திரம், அப்பிடி ஏதாவது குற்றச்சாட்டு இருக்கோ எண்டு கேப்பாங்கள். இல்லை எண்டு இனி நான் போடேலாது."

வீட்டில் மனைவியிடம் நானே சொன்னேன். அவள் கறியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பேசினாள். "கள்ளப் பேப்பர் அனுப்பினது ஒரு பக்கம் இருக்கட்டும். பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுத்திட்டீங்களே." எந்த ஊரிலிருந்து, போரில் யார் காட்டிக் கொடுப்பார்களோ என்று பயந்து வந்தவர்கள் நாங்கள் என்பதை நினைத்தால் அந்தச் சொல்லின் பாரம் தெரியும். அவள் வேண்டுமென்றுதான் அதைச் சொன்னாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு சட்டத்தரணிக்கு என் சொந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். சான்றிதழை மாற்றியது நான், அனுப்பியது நான், மகளுடைய மின்னஞ்சலை அவளுக்குத் தெரியாமல் பயன்படுத்தினேன், அவளுக்கு எதுவுமே தெரியாது. எழுதும்போது நெஞ்சு இலேசானது. ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கடிதத்தை அவளிடம் நீட்டினேன்.

அவள் நின்றபடியே வாசித்தாள். "உதுவும் பொய்தானே அப்பா."

"உனக்காகத்தான் எழுதினனான்."

"எனக்குத் தெரிஞ்சுதான் செய்தனான். நான் சின்னப்பிள்ளை இல்லை. ஆனா நீங்கள் சொல்லித்தான் செய்தனான். ரெண்டையும் எழுதுங்கோ."

"எழுதினா உன்ரை லைசன்ஸ்?"

"அது கிடைக்குதோ இல்லையோ, நான் பாக்கிறன். உந்தப் பொய்யும் பிடிபட்டா அப்ப நான் என்ன சொல்லுறது? அப்பா சொன்னவர் எண்டோ, திருப்பியும்?"

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். அவள் கூடாது என்று சொன்னதையும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான் சொன்னதையும், அவள் பிறகு மாற்றியதையும் எழுதினேன். அலுவலகத்தில் அவள்மேல் பழியைப் போட்டதையும் எழுதினேன். அந்த ஒரு வசனத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. மூலைக் கம்பத்தின் திருகாணிகளைப் பற்றி யாரும் இன்னும் கேட்டிருக்கவில்லை. அதையும் கடைசியில் சேர்த்தேன்.

சட்டத்தரணி எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்ப்பில்லாமல் ஆங்கிலத்திலேயே பேசினேன். என் ஆங்கிலத்தைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு மகள் உள்ளே போனாள். நான் நடையில் ஒரு நாற்காலியில் இருந்தேன். அண்ணை வந்து பக்கத்தில் நின்றார்.

"என்ரை பேரிலை இருக்கிறதெல்லாம் இந்த வழக்கிலை போகலாம் தம்பி, தெரியும்தானே?"

"தெரியும் அண்ணை."

"அதுக்குக்கூட எனக்கு இவ்வளவு கோவம் வரேல்லை. அண்டைக்கு அந்தப் பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தனீரே?"

நான் பார்க்கவில்லை. அதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். இனி எனக்கு அவரிடம் வேலை இல்லை. அதைச் சொல்ல வேண்டிய தேவை இருவருக்கும் இருக்கவில்லை.

மகள் அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தாள். என்ன கேட்டார்கள் என்று கேட்டேன்.

"நடந்ததைக் கேட்டவை. நடந்ததைச் சொன்னனான்."

வழக்கு இன்னும் முடியவில்லை. உரிமத்துக்கான படிவம் போன கிழமை வந்தது. நன்னடத்தை பற்றிய கேள்விக்கு ஆம் என்று போட்டு, என் கடிதத்தின் பிரதியையும் இணைக்கப் போகிறாளாம். மனைவிதான் எனக்குச் சொன்னாள். உரிமம் கொடுக்கும் சபை அதைப் பார்த்து அவளை விசாரணைக்குக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் விடலாம். உரிமம் தராமலே விடவும் கூடும்.

நேற்றுப் பின்னேரம் அவளுடைய அறை வாசலில் போய் நின்றேன். படிவம் மேசையில் விரிந்திருந்தது.

"ஏதாவது எழுதித் தரவேணுமோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அப்பா." குரலில் கோபம் இல்லை. எழுதிக்கொண்டே, "கதவைச் சாத்திவிட்டுப் போங்கோ" என்றாள்.

சாத்திவிட்டு வந்தேன்.