ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடிய கடிகாரம்

அப்துல் ரஹீம் இறந்த செய்தி பெரம்பலூர் பேருந்து நிலையத்தில், அவர் ஊரான லப்பைக்குடிகாட்டுக்குப் போகும் பஸ்ஸின் நடத்துநர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. துபாயிலிருந்து மகன் வரவில்லையாம்.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலை ஒன்றில் கணிப்பொறி அறைக்கு ரஹீம் பொறுப்பாளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த இயந்திரம் வந்திறங்கியதே எங்கள் பக்கத்தில் செய்தி. அதைப் பத்திரிகைக்கு எழுதப் போனேன். திரையில் சன்னல் சன்னலாக, ஒன்றன்மேல் ஒன்று திறந்தது. சூளையின் வெப்பம் காட்டும் சிறு பெட்டி மட்டும் எது திறந்தாலும் மேலேயே நின்றது. மூலையில் இருந்த கடிகாரமோ எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது. மறையுமுன் பார்த்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதே என்றேன்.

“சரியாத்தான் ஓடுது சார். அது துபாய் மணி” என்றார்.

மனைவி இறந்தபின் அவருக்கு இருந்தது மகன் அன்வர் மட்டும். துபாய் போன முதல் வருடம் மாதம் ஒரு கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது. ரஹீம் ஆலைக் குடியிருப்பில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்.

கடிகாரத்தை மேலே வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னது நான்தான். எது மேலே, எது அடியில் என்று சொல்லும் ஓர் எண்ணை மாற்றினால் போதுமாம்; மாற்றினார். அடுத்த மாதம் போனபோது பழையபடி அடிக்கு இறக்கியிருந்தார்.

“மேல இருந்தா நாள் பூரா அதையே பாத்துக்கிட்டு ஒக்காந்துடுறேன் சார். சூளை சூடேறுனது தெரியல, போன் பண்ணித் திட்டுறாங்க. அடியிலயே கெடக்கட்டும். எல்லாத்தையும் மூடுனா வந்துடப்போவுது.”

ஐந்து மணிக்கு ஒவ்வொரு சன்னலாக மூடுவார். வெற்றுத் திரையில் கடிகாரம் மட்டும் நிற்கும். “மூணரை. இன்னும் வேலை முடிஞ்சிருக்காது அவனுக்கு” என்பார். கடிதம் வந்ததா என்று கேட்பதை நானும் விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

நேற்று அந்த அறைக்குப் போனேன். ரஹீமின் நாற்காலியில் புதியவர் ஒருவர். ஐந்து மணிக்கு அவரும் சன்னல்களை மூடினார். கடைசிச் சன்னலுக்கு அடியில் கடிகாரம் மூன்றரை காட்டியது.

“இது தப்பா ஓடுது சார். திருத்திடலாம்னு இருக்கேன்” என்றார்.

ரஹீமிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பதில். அதையே அவருக்குச் சொன்னேன்.

“சரியாத்தான் ஓடுது.”