ஒரு செமஸ்டருக்கு வாசிப்பாளர்

அண்ணன் இறந்த பிறகு நான் வகுப்புக்குத் திரும்பிய வாரம், எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"பார்வை இல்லாத பொண்ணு ஒண்ணு எம்.ஏ. ஹிஸ்டரி படிக்குது. அதுக்குப் பாடம் படிச்சுக் காட்ட ஒரு ஆள் கேக்கறாங்க. தற்காலிக வேலைதான், இந்த செமஸ்டரோட முடிஞ்சிடும். சாயங்காலம் வகுப்பு விட்டப்புறம். போறியாமா?"

போகிறேன் என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்து மறுக்கத் தெம்பில்லை. அதோடு, இந்த வேலைக்குப் போனால் வீட்டுக்குத் தாமதமாகப் போகலாம்.

நான் அப்போது எம்.காம். கடைசி வருஷம். வீடு செவிலிமேட்டில். அப்பா டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போவார். அம்மா வீட்டில் இருந்தபடி பட்டுச் சேலைகளின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பாள். அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போகிறவன், அன்று பஸ்ஸைத் தவறவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பைபாஸில் லாரி. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன், டீ கொடுத்தேன், காலி தம்ளர்களைக் கழுவி வைத்தேன். சித்தி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "அழுதுடுமா, அழுதாத்தான் நெஞ்சு லேசாவும்" என்றாள். முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை. பல் டாக்டரிடம் மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வந்தபின் கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது; சாப்பிட்டால் உப்பு, புளிகூட நாக்கில் தெரியவில்லை.

அந்த ஹிஸ்டரிப் பெண்ணை முதலில் பார்த்தது நூலகத்தின் பின்பக்கத்து அறையில். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் இடத்தில் ஒரு மூலையை ஒழித்து மேசை போட்டிருந்தார்கள். என் வயசுதான் இருக்கும். தாமலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். மடக்குக் கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா? உக்காருபா. மேல இருக்கற ஜெராக்ஸ்ல மொத பக்கத்த படி."

பஞ்சத்தைப் பற்றிய பாடம் அது. ஜனங்கள் ரோட்டோரம் செத்து விழுந்தது, பிள்ளைகளை விற்றது, கஞ்சித் தொட்டி முன்னால் நெரிசலில் மிதிபட்டது எல்லாம் அந்த ஒரே பக்கத்தில் வந்தன. படித்து முடித்துவிட்டு அடுத்த பக்கம் படிக்கட்டுமா என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இத படிக்கறப்போ உனக்கு ஒண்ணும் ஆவலையா?" என்றாள்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு. போன செமஸ்டர் ஒரு பொண்ணு வந்துக்கினு இருந்தா. பாடத்துல யாராவது செத்தா அவ கொரல் நடுங்கும். யாராவது ஜெயிச்சா கத்துவா. பாடம் எது, அவ நடிப்பு எதுன்னு எனக்குப் பிரிச்சி எடுக்கவே முடியல. போன்ல படிக்கற மெஷினோ தமிழ கடிச்சித் துப்புது. நீ ஈபி ஆபீஸ்ல நம்பர் கூப்புடற மாதிரி படிக்கற. எனக்கு இதுதான் வேணும். நாளைலேர்ந்து வந்துடு."

அண்ணன் போனதிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் என் முகத்தில் எதையோ தேடிவிட்டு, கிடைக்காமல் சங்கடப்பட்டார்கள். இவளுக்கு மட்டும் நான் இருந்தபடியே போதுமாக இருந்தது.

தினமும் சாயங்காலம் போனேன். நான் படிக்கப் படிக்க அவள் ஊசியால் பிரெயில் புள்ளி எழுத்தைக் குத்திக்கொண்டே இருப்பாள். "நிறுத்து, திரும்பச் சொல்லு" என்பதைத் தவிர வேறு பேச்சு அதிகம் இருக்காது. என்னைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் டவுன் பஸ் பிடித்து பஸ் நிலையம் வரைக்கும் ஒன்றாகப் போவோம். முதல் நாள் நான் அவள் கையைப் பிடித்தேன். "நீ என்னைப் பிடிக்காத. நான் ஒன்ன பிடிச்சிக்கறேன்" என்று என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் சுவாமி புறப்பாடு வந்து பஸ்ஸை நடுவழியில் நிறுத்திவிட்டார்கள். மேளச் சத்தம் நெருங்கியதும், "இன்னைக்கி எந்த சாமிபா?" என்று கேட்டாள்.

"தெரியல. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க."

"சரி வுடு. எனக்கும் பாத்துப் பழக்கமில்ல" என்று அவள் சிரிக்க, முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பரீட்சை நெருங்கியபோது பாடங்கள் நிறைய மிச்சம் இருந்தன. வீட்டில் போனில் பதிவு செய்து கொண்டுவந்தால் அவள் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்டுக்கொள்வாள் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பிரெஞ்சுப் புரட்சியை முழுக்கப் படித்து அனுப்பினேன்.

மறுநாள் அறைக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள், "உங்க வீட்ல யாருபா அழுதுக்கினு இருந்தது?"

"யாரும் அழலியே."

"அழறாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் அழறாங்க. நடுவுல மூக்க சிந்தறாங்க, மறுபடியும் அழறாங்க. இந்தா கேளு."

இயர்போனை என் காதில் வைத்தாள். முதலில் என் குரல் கேட்டது. ராஜா சபையைக் கூட்டுகிறார். அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தறி. அதற்கும் பின்னால், விட்டு விட்டு ஒரு சத்தம். குக்கர் என்றுதான் முதலில் நினைத்தேன். அது அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்திருக்கிறாள். நான் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்கிறது. என் குரல் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

"அது எங்கம்மா," என்றேன். "எங்கண்ணன் செத்துட்டான்."

செத்துட்டான் என்று என் வாயால் அதுவரை சொன்னதில்லை. தவறிட்டான், கர்த்தர் கூப்பிட்டுக்கிட்டார் என்றெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள். நான் தலையாட்டுவேன்.

"எப்படி?" என்றாள்.

"பைக்குல போறப்போ. லாரி."

"ஹெல்மெட்?"

"போட்டிருந்தான்."

"ம்." ஊசியை மேசைமேல் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "தப்பா எடுத்துக்காத. இந்தப் பாடத்த மட்டும் மறுபடி படிச்சிக் குடுக்கறியா? பரீட்சை ஹால்ல இத நெனச்சா அம்மா அழறதுதான் எனக்கு ஞாபகம் வரும். புரட்சி வராது."

"குடுக்கறேன்."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். கண்டக்டர் வந்தார். டிக்கெட் வாங்கினேன். செவிலிமேடு வந்ததும் இறங்கினேன்.

அன்று கதவைச் சாத்தவில்லை. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். சில பக்கங்கள் போனதும் அம்மா எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கு படிக்கற?"

பதிவை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

"சுத்தமா கண்ணு தெரியாதா அந்தப் பொண்ணுக்கு?"

"தெரியாதுமா."

"நீ படிக்கறத கேட்டுத்தான் பரீட்சை எழுதுமா?"

"ஆமா."

"அப்போ நல்லா படி." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பாடம் முடியும் சமயத்தில், "அந்த ராஜாவ கடைசில இன்னா பண்ணாங்க?" என்றாள்.

"தலைய வெட்டிட்டாங்க."

"ஐயோ. அவங்கம்மா இருந்தாளா அப்போ?"

நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். "போடலமா."

"அதெல்லாம் போட மாட்டாங்க" என்றாள் அம்மா.

அதன் பிறகு நான் படிக்க உட்கார்ந்தாலே வந்துவிடுவாள். பெரும்பாலும் பாதியிலேயே தூங்கிப்போவாள். அண்ணன் போனபின் அம்மா பகலிலும் தூங்கவில்லை, இரவிலும் தூங்கவில்லை என்று அப்பா சித்தியிடம் போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். விவசாயிகள் போராட்டமும் தொழிற்புரட்சியும் ஓடிக்கொண்டிருக்க, அவள் வாயைத் திறந்துகொண்டு தரையில் படுத்திருப்பாள்.

"இப்ப யாரோ கொறட்ட வுடறாங்க" என்றாள் அவள், நூலக அறையில் இயர்போனைக் கழற்றியபடி.

"அம்மாதான். வேணும்னா திரும்பப் படிச்சிடறேன்."

"வேணாம் வேணாம். தூங்கட்டும். கொறட்ட இருந்தா எனக்குப் பாடம் நல்லா ஏறுது."

ஒரு சாயங்காலம் அம்மா வரும்போது மடியில் சேலையும் நூலும் இருந்தன. மாசக்கணக்கில் தொடாத வேலை. நான் படிக்க, அவள் முந்தானை இழைகளைப் பிரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அப்பா வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு கை கால் கழுவப் போனார்.

பரீட்சையில் அவளுக்காக நான் எழுத முடியாது, அவளைவிடக் குறைந்த படிப்பு படிக்கிறவர்தான் எழுத வேண்டும் என்று சொல்லி பி.எஸ்ஸி. மாணவி ஒருத்தியை அனுப்பினார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். அவள் கோலைத் தரையில் ஓங்கித் தட்டிக்கொண்டே வந்தாள்.

"பிரெஞ்சுன்னு எப்படி எழுதணும்னு என்ன கேக்குதுபா அந்தப் பொண்ணு. ஒங்க எழுத்த நான் எங்க பாத்தேன்? எனக்குத் தெரிஞ்சது புள்ளி."

"என்ன சொன்ன?"

"காதுல எப்படி வுழுதோ அப்படியே எழுதும்மான்னேன்."

அடுத்த செமஸ்டருக்கு வாசிப்பாளர் யாரும் கிடையாது, அனுமதி வரவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் முடிந்துபோனதுதான் கடைசி செமஸ்டர். இருந்தும் அவள் கவுண்டரில் நின்று, அடுத்து வரப்போகும் பிள்ளைகளுக்கு யார் படிப்பது என்று கேட்டாள். கிளார்க் மேலே எழுதிப் போட்டிருக்கிறோம் என்றார். எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று இவள் கேட்டாள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பாஸ் செய்து, பி.எட். படிக்கச் சென்னைக்குப் போனாள். நான் ஊரிலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அவ்வப்போது போன் செய்வாள். அங்கே வருகிற புதிய வாசிப்பாளர் நல்ல பெண்தானாம், ஆனால் படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறதாம். ஒருமுறை போனை அம்மா என்னிடமிருந்து வாங்கி, லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள்.

வந்தாள். அம்மா மீன் குழம்பு வைத்திருந்தாள்.

"ஆண்ட்டி, ஒங்கள எனக்கு நல்லா தெரியும்" என்றாள் அவள் செருப்பைக் கழற்றும்போதே. அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முள் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு, அவள் விரலால் தடவி ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். டீச்சர் வேலை கிடைக்குமா, எந்த ஊரில் போடுவார்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே போனாள். நான் நடுவில், "குழம்புல புளி ஜாஸ்தி" என்றேன்.

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"ஆமா. ஜாஸ்திதான்" என்றாள்.